முப்பத்தொரு நாள் சொந்தம்

கனகசபாபதி இடது கன்னத்தை வழித்து முடித்து, வலது கன்னத்தில் றேசரை வைக்கப் போன நேரம் பார்த்து, ஓட்டோக்காரன் கோபிசங்கர் படலையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான்.

"அண்ணை, இளையதம்பியர் மோசம் போயிட்டார். விடிய அஞ்சு மணிக்காம்."

"எந்த இளையதம்பியர்?"

"கிணத்தடி ஒழுங்கை முருகேசரின்ரை தகப்பன். தொண்ணூத்தொரு வயசு."

"பாவம், நல்ல மனுசன்," என்றார் கனகசபாபதி. அந்த நல்ல மனுசனை அவர் ஆயுளிலேயே இரண்டு தரந்தான் கண்டிருக்கிறார். அதில் ஒரு தரம் மனுசன் நித்திரை. சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று என்று றேசரை மறுபடி கன்னத்துக்குக் கொண்டுபோனார்.

"கையை எடுங்கோ," என்றாள் அவர் மனைவி பத்மாவதி. தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள், பாதித் தேங்காயோடு குசினி வாசலில் வந்து நின்றாள்.

"ஏன்?"

"துடக்கு."

"ஆருக்கு?"

"உங்களுக்குத்தான். மூண்டு கிழமைக்கு முன்னம் முருகேசர் வீட்டுக் கதிரையிலை இருந்துகொண்டு என்ன சொன்னியள்? நானும் பக்கத்திலைதானே இருந்தனான்."

"'எங்கடை பூட்டனும் உங்கடை பூட்டனும் ஒரு வயித்துப் பிள்ளையள்' எண்டு சொன்னவர், அக்கா," என்று கோபிசங்கர் எடுத்துக் கொடுத்தான். "சொல்லிப்போட்டுக் கண்ணையும் துடைச்சவர்."

"அது தேர்தல் கதையடா."

"துடக்குக்கு அது தெரியாது," என்றாள் பத்மாவதி.

கனகசபாபதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இனி மேலே போகமுடியாது. போன பிரதேச சபைத் தேர்தலில் நாவலடி வட்டாரத்தில் நின்று, சிவசுப்பிரமணியம் மாஸ்டரிடம் பத்தொன்பது வாக்கால் தோற்றவர் அவர். தோற்றதுகூடப் பெரிதில்லை. முப்பது வருடம் சங்கக்கடையை நடத்தி, ஊர் வாயால் 'மனேச்சர்' என்று கேட்டுப் பழகிய காது அவருடையது. தேர்தல் முடிந்த அடுத்த நாளே அந்தப் பெயர் போய், 'பத்தொன்பது' என்று ஆகிவிட்டது. சந்தைக்குப் போனால் "பத்தொன்பதருக்கு நல்ல கத்தரிக்காயாப் பாத்துப் போடு" என்கிறார்கள். மாஸ்டரோ கண்ட இடத்தில், "என்ன பத்தொன்பது, சுகமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் சைக்கிளை மிதிப்பார். இந்த முறை வெல்லவேண்டும். சபையில் ஒரு கதிரை கிடைக்கும் என்பதற்காக அல்ல. பறிபோன பெயரைத் திருப்பி எடுக்க.

ஆனால் அவரிடம் கட்சியும் இல்லை, கொடியும் இல்லை. சுயேச்சைக் குழு, சுளகுச் சின்னம். ஓர் ஓட்டோ, அதன் தலையில் இரண்டு ஒலிபெருக்கி, அதற்குள் சாரதியும் அறிவிப்பாளனும் ஆலோசகனுமாகிய கோபிசங்கர். இவ்வளவை வைத்துக்கொண்டு வெல்ல அவர் கண்டுபிடித்த வழி சொந்தம். ஏறுகிற வீட்டிலெல்லாம் மூன்றாவது நிமிடத்தில் ஓர் உறவுமுறை கண்டுபிடித்துவிடுவார். "உங்கடை பூட்டன்ரை பேர் என்ன?" என்று வீட்டுக்காரர் கேட்டால், "கந்தர்" என்பார். நாவலடியில் நாலு தலைமுறை மேலே ஏறினால் ஒரு கந்தர் இல்லாத வீடு கிடையாது. "ஓம், எங்களுக்கும் ஒரு கந்தர் இருந்தவர்" என்று அவர்கள் வாயைத் திறப்பார்கள். பிறகென்ன, தேத்தண்ணி வரும். நோட்டீசிலும் அதையேதான் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்: 'எங்கள் சொந்தம் கனகசபாபதி.' உண்மையான பூட்டன் யார் என்பது அவருக்கே தெரியாது.

இப்போது அந்தக் கந்தர்தான் கழுத்தில் வந்து ஏறியிருக்கிறார். பூட்டன்மார் கூடப்பிறந்தவர்கள் என்றால் முருகேசரும் கனகசபாபதியும் பங்காளிகள். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. கோயில் வாசல் மிதிக்கக்கூடாது. சவரம் எடுக்கக்கூடாது.

"அப்ப சொந்தம் இல்லையெண்டு சொல்லிவிட்டால்?" என்று கேட்டார் கனகசபாபதி.

"அறுபத்திரண்டு," என்றான் கோபிசங்கர்.

கிணத்தடி ஒழுங்கை முழுக்க முருகேசரின் ஆட்கள். அறுபத்திரண்டு வாக்கு. கூடி இருந்து ஒரே முடிவெடுத்து, அறுபத்திரண்டும் ஒரே பக்கம் விழுகிற ஒழுங்கை அது.

"ஓம், சொந்தந்தான் எண்டால்?"

"அஞ்சாம் திருவிழா."

கனகசபாபதி றேசரைக் கீழே வைத்தார். பிள்ளையார் கோயிலில் வெள்ளிக்கிழமை கொடியேற்றம். ஐந்தாம் திருவிழா அவருடைய உபயம். தலையில் பரிவட்டம் கட்டி, பட்டு வேட்டியோடு சுவாமிக்கு முன்னால் அவர் நடக்க, வட்டாரத்தில் பாதிச் சனம் கைகூப்பிக்கொண்டு பார்த்து நிற்கும். நோட்டீஸ் தேவையில்லை, மைக் தேவையில்லை, தேர்தல் சட்டம் ஒன்றும் குறுக்கே வராது. வாக்களிப்புக்குப் பதின்மூன்று நாள் இருக்க, அதைவிட நல்ல கூட்டம் எவனுக்குக் கிடைக்கும்?

"முதலிலை செத்தவீட்டுக்குப் போவம்," என்றார் கடைசியில். "போய் ஒரு ஓரமா நிண்டு, சொந்தம் எண்டும் சொல்லாமல் இல்லையெண்டும் சொல்லாமல் திரும்பி வந்திடுவம்."

"முகம் ஒரு பக்கம் பளிச்செண்டு இருக்குது, மற்றப் பக்கம் புல்லு முளைச்ச மாதிரி இருக்குது. உதோடையோ போகப்போறியள்?" என்றாள் பத்மாவதி.

கனகசபாபதி லாச்சியைத் திறந்து, கொரோனாக் காலத்து முகக்கவசம் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

செத்தவீட்டில் ஓரமாக நிற்க முடியவில்லை. படலைக்குள் கால் வைத்ததுமே முருகேசர் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"தம்பி, வந்திட்டியளே. எனக்குக் கூடப்பிறந்தவை ரெண்டு பேர். ஒருத்தன் கனடா, ஒருத்தன் லண்டன். ரெண்டு பேரும் போனிலை நிண்டு பாக்கிறாங்கள். பாடை தூக்கப் பங்காளி இல்லாமல் யோசிச்சுக்கொண்டு நிண்டனான். நீங்கள் முன் பக்கம் பிடியுங்கோ."

"நான்... எனக்கு நாரி எப்பன்..." என்று கனகசபாபதி இடுப்பைப் பிடித்துக் காட்டினார்.

"நாரியைக் கடவுள் பாப்பார், தம்பி."

இதற்குள் யாரோ ஒரு பெண் கைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். முருகேசர் அதற்குள் குனிந்து, "தம்பி, இவர்தான் கனகசபாபதி. எங்கடை கந்தர் வழி. வடிவாப் பார்," என்றார்.

"முகம் தெரியேல்லை அண்ணை," என்றது கனடா. "மாஸ்க்கைக் கழட்டச் சொல்லுங்கோ."

"எனக்குச் சளி," என்றார் கனகசபாபதி.

"பறுவாயில்லை, நான் கனடாவிலையெல்லோ இருக்கிறன்," என்றது கனடா.

பந்தலுக்குள் நூறு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மலர்வளையத்தோடு வந்து முன் கதிரையில் இருந்த சிவசுப்பிரமணியம் மாஸ்டரும் திரும்பிப் பார்த்தார். வேறு வழியில்லை. கனகசபாபதி முகக்கவசத்தைக் கழற்றினார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் நிறுத்திவிட்டு அந்த முகத்தைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் நாற்பது வயது, மறுபக்கம் அறுபது வயது.

முதலில் விம்மியது முருகேசரின் மனைவி தங்கமுத்து. "இஞ்சை பாருங்கோ," என்று கையை நீட்டினாள். "மாமா போயிட்டார் எண்டு கேட்ட உடனை, வழிச்ச பாதியோடை எறிஞ்சுபோட்டு ஓடி வந்திருக்கிறார். கனடாவிலை இருக்கிறவைக்கு ரிக்கெற் இல்லையாம். இதெல்லோ சொந்தம்."

ஒப்பாரி இரண்டு மடங்காக எழும்பியது. கனகசபாபதிக்கும் உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. அது ஐந்தாம் திருவிழாவை நினைத்து. "பெரியப்பா," என்று ஒரு சத்தம் வைத்துவிட்டுப் பாடையின் முன்பக்கத்தைப் பிடித்தார்.

சுடலையால் திரும்பும்போது மாஸ்டர் சைக்கிளை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"பாவம் பத்தொன்பது. உமக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. திருவிழாவைப் பற்றி யோசியாதையும். உபயம் நிக்கக்கூடாதெல்லோ, நான் பொறுப்பெடுத்துச் செய்யிறன்."

இவ்வளவு நல்ல மனம் அந்த மனிதருக்கு எங்கிருந்து வந்தது என்பது கனகசபாபதிக்கு நன்றாகத் தெரியும். அவர் வீட்டுக்குப் போகவில்லை. குளித்துவிட்டு நேரே ஐயர் வீட்டுக்குப் போனார். போய், படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டார்.

"ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். தூரத்துச் சொந்தத்துக்கும் முப்பத்தொரு நாளோ?"

"எவ்வளவு தூரம்?" என்று கேட்டுக்கொண்டு ஐயர் வந்தார்.

"நல்ல தூரம்."

"கொழும்புத்துறை மட்டோ, கொழும்பு மட்டோ? வழியைச் சொல்லும். ஆண் வழி எண்டால் ஏழு தலைமுறைக்கும் முப்பத்தொண்டுதான். பெண் வழி எண்டால் மூண்டு நாளோடை சரி."

கனகசபாபதியின் முகத்தில், வழித்த பக்கத்திலும் வழிக்காத பக்கத்திலும், ஒரு வெளிச்சம் வந்தது.

"இப்பதான் ஞாபகம் வருது ஐயா. கந்தருக்கு ஒரு தங்கச்சி இருந்தவ. பொன்னி. நான் அந்தப் பொன்னி வழி."

"கந்தர் வழி எண்டெல்லோ காலமை கேள்விப்பட்டன்."

"கவலையிலை வாய் தவறி வந்திட்டுது."

ஐயர் நல்ல மனிதர், ஆனால் எதையும் எழுதிவைக்கிற மனிதர். திருவிழா நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தில் மேலே கந்தர் என்று எழுதி, பக்கத்தில் பொன்னி என்று எழுதி, பொன்னிக்குக் கீழே ஒரு கோடு இழுத்துக் கனகசபாபதியைத் தொங்கவிட்டார். பிறகு கந்தருக்குக் கீழே வெறுமையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார்.

"உமக்கு மூண்டு நாள். சரி. ஆனால் கந்தரின்ரை ஆண் வழியிலை இன்னும் ஆரார் இருக்கினம் எண்டு விசாரிச்சு எழுதத்தான் வேணும். துடக்கோடை ஆரும் சுவாமி தூக்கினால் நாளைக்கு என்னையெல்லோ கேப்பினம்."

"அதெல்லாம் ஏன் ஐயா, கரைச்சல்."

"கரைச்சல் இல்லை. நாளைக்குக் காலமை கோயிலிலை கேட்டால் தெரிஞ்சிடும்," என்றார் ஐயர்.

தெரிந்துவிட்டது. அடுத்த நாள் காலை எட்டு மணிக்குக் கனகசபாபதி வீட்டுப் படலைக்கு வெளியே ஒரு கூட்டம். எல்லோரும் அவர் வாக்காளர். எல்லோரும் அவர் வாயாலேயே கந்தர் வழி என்று ஆக்கப்பட்டவர்கள். உள்ளே துடக்கு வீடு என்பதால் ஒருவரும் உள்ளே வரவில்லை. ஆனபடியால் வெளியே நின்றே சத்தம் போட்டார்கள்.

"அண்ணை, சுவாமி தூக்கிற பதினாறு பேரிலை பதினொரு பேர் கந்தர் வழி," என்று கோபிசங்கர் மூச்சு வாங்கச் சொன்னான். "மடப்பள்ளியிலை பொங்கிறவரும் கந்தர் வழி. மணி அடிக்கிறவரும் கந்தர் வழி. இப்பிடியே போனால் பிள்ளையார்தான் தன்னைத் தானே தூக்கிக்கொண்டு வீதி சுத்தவேணும்."

"நான் பத்து நாள் விரதம் துவங்கியிட்டன்," என்று ஒருவர் கேட்டார். "இப்ப எனக்குத் துடக்கெண்டால் மீன் மச்சம் தின்னலாமோ, கூடாதோ? அதையாவது சொல்லும் காணும்."

அவரைத் தள்ளிக்கொண்டு வடக்கு ஒழுங்கைக் கலியாண வீட்டுக்காரர் முன்னுக்கு வந்தார். மகளுக்கு அடுத்த மாதம் கலியாணம்.

"நீர் எங்கடை வீட்டிலை வந்து கந்தர் எண்டனீர். ஓம் எண்டம். பிறகு மாப்பிள்ளை வீட்டிலை போயும் கந்தர் எண்டிருக்கிறீர். அவையும் ஓம் எண்டிருக்கினம். ஐயர் கோடு கீறிப் பாத்துப்போட்டு, பொம்பிளையும் மாப்பிள்ளையும் அண்ணனும் தங்கச்சியும், நான் தாலி எடுத்துத் தரமாட்டன் எண்டுறார். மண்டபம் பிடிச்சாச்சு. கனடாவாலை ஆக்கள் வெளிக்கிட்டாச்சு. சொல்லும், என்ன செய்வம்?"

கனகசபாபதி பத்மாவதியைப் பார்த்தார். பத்மாவதி தேங்காய் துருவப் போய்விட்டாள்.

"ஒரு மணித்தியாலம் தாங்கோ," என்று கூட்டத்தைக் கும்பிட்டு அனுப்பினார். பிறகு கோபிசங்கரை இழுத்து இருத்தி, கந்தருக்கும் தனக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று ஊரெல்லாம் அறிவித்துவிடச் சொன்னார். என்ன வசனம் பேசுவது என்பதை அவனிடமே விட்டார். அதுதான் பிழை. கோபிசங்கருக்கு மைக் கையில் வந்தால் எழுத்துத் தமிழும் வந்துவிடும்.

பத்து மணிக்கு நாவலடி முழுக்க நாதஸ்வர இசை பின்னால் ஒலிக்க, ஓட்டோ முழங்கிக்கொண்டு போனது.

"அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே. எங்கள் சொந்தம் கனகசபாபதி அவர்கள், எங்களில் எவருக்கும் சொந்தமில்லை என்பதை மிகவும் பணிவன்புடன் அறியத் தருகின்றோம். காலஞ்சென்ற கந்தர் அவர்களுக்கும் எமது வேட்பாளருக்கும் எவ்விதத் தொடர்பும் கிடையாது. மறவாதீர்கள், எங்கள் சொந்தம் கனகசபாபதி. உங்கள் சின்னம் சுளகு."

ஒவ்வொரு வீட்டுக் கந்தரும் வேறு வேறு கந்தராகிவிட, கலியாணம் தப்பியது. திருவிழாவும் தப்பியது. விரதகாரர் மட்டும் கொஞ்சம் ஏமாற்றத்தோடு மரக்கறிக்கே திரும்பிப் போனார். கனகசபாபதி அப்பாடா என்று தேத்தண்ணி ஒரு வாய் குடித்தார். இரண்டாவது வாய் குடிக்கும்போதுதான் நினைவு வந்தது.

"கோபி, கிணத்தடி ஒழுங்கையாலையும் போனனியே?"

"எல்லா ஒழுங்கையாலையும் போகச் சொன்னனீங்களெல்லோ. அங்கை ரெண்டு தரம் போனனான். செத்தவீட்டுச் சனம் கூடி நிண்டது."

கனகசபாபதி சைக்கிளை எடுத்தார். அறுபத்தொரு வயதில் நாரிப் பிடிப்போடு அவ்வளவு வேகமாக அந்தச் சைக்கிளை அவர் முன்பும் மிதித்ததில்லை, பின்பும் மிதிக்கவில்லை.

முருகேசர் முற்றத்தில் கதிரையில் இருந்தார். எழும்பவில்லை.

"தம்பி, அப்பரின்ரை சாம்பல் இன்னும் சூடு ஆறேல்லை. அதுக்குள்ளை மைக்கிலை எங்களை அறுத்து விட்டிட்டியள்."

"அண்ணை, அது மற்றக் கந்தர். ஊரிலை கனக்கக் கந்தர் இருந்திருக்கினம். உங்கடை கந்தர்தான் என்ரை கந்தர்."

"பெண் வழி, மூண்டு நாள்தான் துடக்கெண்டு ஐயரிட்டைச் சொன்னனீங்களாம். ஆரோ பொன்னியாம்."

"பொன்னி எண்டு ஒருத்தியும் இல்லை அண்ணை," என்றார் கனகசபாபதி. அந்த நாளில் அவர் சொன்ன ஒரே உண்மை அது.

"அப்ப துடக்கு?"

கனகசபாபதி கண்ணை மூடினார். பரிவட்டமும் பட்டு வேட்டியும், கைகூப்பி நிற்கிற பாதி வட்டாரமும் வரிசையாக வந்து போயின. அதற்குப் பின்னால் அறுபத்திரண்டு என்ற எண் வந்து நின்றது. போன முறை பத்தொன்பது வாக்கில் போனவருக்கு அறுபத்திரண்டு என்பது சின்ன எண் இல்லை.

"முப்பத்தொரு நாளும் காப்பன். கோயில் பக்கம் போகன். திருவிழாவை மாஸ்டர் செய்யட்டும்," என்றார் கனகசபாபதி.

தங்கமுத்து தேத்தண்ணி கொண்டுவந்து கையில் கொடுத்தாள். "எனக்கு அப்பவே தெரியும். அரைச் சவரத்தோடை ஓடி வந்தவர் எங்களை விடுவாரே. நீங்கள் யோசியாதையுங்கோ தம்பி. உங்களுக்கு ஒரு குறை வர நாங்கள் விடமாட்டம்."

ஐந்தாம் திருவிழா அன்று கனகசபாபதி கோயில் வீதிக்கு நூறு மீற்றர் தள்ளி, ஒழுங்கை முடக்கில் நின்று எட்டிப் பார்த்தார். மாஸ்டரின் தலையில் பரிவட்டம் பொருந்தித்தான் இருந்தது. பட்டு வேட்டி பளபளத்தது. சனம் கைகூப்பியது. மாஸ்டர் வலமும் இடமும் திரும்பித் திரும்பிச் சிரித்ததைப் பார்த்தால், பிள்ளையார்தான் மாஸ்டரைப் பின்தொடர்ந்து வாக்குக் கேட்டுக்கொண்டு வருவது போல இருந்தது. கனகசபாபதிக்கு வயிறு எரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அழுகையும் வந்தது.

"அறுபத்திரண்டை நினையுங்கோ அண்ணை," என்றான் கோபிசங்கர்.

அவர் நினைத்தார். மிச்சமிருந்த நாளெல்லாம் அதை நினைத்துக்கொண்டுதான் பிரசாரம் செய்தார். கோயில் கொடி ஏறியிருக்கிற நேரத்தில் துடக்குக்காரனை வீட்டுக்குள் யார் எடுப்பார்கள்? படலைக்கு வெளியே நின்று, "பிள்ளை, சுளகு... சுளகு..." என்று கூப்பிடுவார். நோட்டீசை மதிலில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நிற்பார். தாடி வேறு ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவுமாக வளர்ந்து, அவரைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் தாய்மாரின் பின்னால் ஒளித்தார்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு முருகேசர் வீட்டில் முழு நாளும் நின்று வாழையிலை வெட்டினார், பூசணிக்காய் நறுக்கினார். அந்த ஒழுங்கைச் சனம் அவரை "தம்பி, தம்பி" என்று தாங்கியது. அங்கே ஒருவராவது 'பத்தொன்பது' என்று சொல்லவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அது அவருக்கு நன்றாகத்தான் இருந்தது.

வாக்களிப்பு முடிந்து எண்ணினார்கள். சிவசுப்பிரமணியம் மாஸ்டருக்கு நானூற்று இரண்டு. கனகசபாபதிக்கு முந்நூற்று நாற்பத்தொன்பது. மிச்சத்தை மற்றவர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள்.

வாக்கெண்ணிய பள்ளிக்கூட வாசலில் மாஸ்டருக்கு மாலை விழுந்தது. வெடி கொளுத்தினார்கள். கனகசபாபதி மதிலோடு சாய்ந்து நின்றார். கோபிசங்கர் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"ஒரு நல்ல விசயம் அண்ணை. இனி உங்களை ஒருத்தரும் பத்தொன்பது எண்டு சொல்லமாட்டினம்."

அடுத்த நாள் சந்தையிலேயே அவர் பெயர் 'ஐம்பத்திமூண்டு' ஆகிவிட்டது.

வீட்டில் வந்து இருந்து அவரும் கணக்குப் பார்த்தார். திருவிழாவில் கிடைத்திருக்கக்கூடியது இவ்வளவு, மைக் அறிவிப்பால் போனது இவ்வளவு, தாடியால் போனது இவ்வளவு. எப்படிக் கூட்டினாலும் ஒன்று மட்டும் ஆறுதலாக இருந்தது: அந்த அறுபத்திரண்டு மட்டும் இல்லையென்றால் முந்நூறுகூடத் தாண்டியிருக்கமாட்டார். ஊர் கைவிட்ட நேரத்தில் தன்னோடு நின்றது கிணத்தடி ஒழுங்கை ஒன்றுதான்.

"இனியாவது உந்தத் தாடியை எடுங்கோவன்," என்றாள் பத்மாவதி. "தேர்தல்தான் முடிஞ்சுதே."

"இல்லை," என்றார். "சொல்லிப்போட்டன். முப்பத்தொண்டு மட்டும் காப்பன்."

பத்மாவதி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். முப்பத்தைந்து வருடத்தில் அவர் சொன்ன சொல்லைக் காத்து அவள் கண்டது அன்றுதான். பிறகு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

முப்பத்தோராம் நாள் காலை, அந்தியேட்டிக்கு எல்லோரும் கீரிமலைக்குப் போனார்கள். கனகசபாபதியும் போனார். கடற்கரையில் கிரியை முடிந்து பிண்டம் கரைத்தார்கள். சவரக்காரர் அவருடைய இரண்டு பக்கத்தையும் ஒருவாறு ஒன்றாக்கிவிட்டார். கேணியில் இறங்கி மூன்று தரம் முழுகி எழும்ப, ஒரு மாதப் பாரம் தண்ணீரோடு போன மாதிரி இருந்தது. துடக்குக் கழிந்தது.

ஈர வேட்டியோடு படியில் இருந்த முருகேசருக்கும் தங்கமுத்துவுக்கும் முன்னால் வந்து நின்றார். ஒரு பேச்சும் தயார்பண்ணிக்கொண்டு வரவில்லை. ஆனால் சொல்லத்தான் வேண்டும் போல இருந்தது. பொய்யாகத் தொடங்கிய சொந்தம்தான். ஒரு மாதம் பாடை தூக்கி, இலை வெட்டி, கூட இருந்து சாப்பிட்டதில் அது எங்கேயோ மெய்யாகிவிட்டிருந்தது.

"அண்ணை, மச்சாள்," என்றார். "ஊர் முழுக்க என்னைக் கைவிட்டிட்டுது. நீங்கள் அறுபத்திரண்டு பேரும் கைவிடாமல் எனக்குப் போட்டனீங்கள். அப்பிடிப் போட்டும் நான் வெல்லேல்லை. உங்கடை வாக்கை வீணாக்கிப் போட்டன். மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

முருகேசர் மனைவியைப் பார்த்தார். தங்கமுத்து எழும்பி வந்து, சொந்தக் கொழுந்தனின் கையைப் பிடித்துக்கொள்வது போல அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன தம்பி விசர்க் கதை கதைக்கிறியள், துடக்கோடை நிக்கிற நீங்கள் வெண்டு, கழுத்திலை மாலை விழுந்து, வெடி கொளுத்தி, அந்தப் பாவம் உங்கடை தலையிலை ஏற நாங்கள் விடுவமே, அதுதான் அறுபத்திரண்டு பேரும் கூடிக் கதைச்சு ஒற்றுமையா மாஸ்டரின்ரை சின்னத்துக்குப் புள்ளடி போட்டனாங்கள்."